செயற்றிட்டத்தால் சின்னப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் தரம் 3. இந்தத் தவணையில் மூன்றாவது செயற்றிட்டம் வந்திருக்கிறது: ‘எமது நகரம்’ என்ற தலைப்பில் ஒரு மாதிரி செய்து திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். போன தடவை ரெஜிபோம் வெட்டி, ஒட்டி, நிறம் பூசி முடிக்க இரவு பதினொரு மணியாகிவிட்டதாம். மகன் எட்டரைக்கே நித்திரையாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம்தான். “இதனால் பிள்ளைக்கு உண்மையில் பயன் ஏதும் உண்டா? அந்த நேரத்தில் நாலு கணக்குச் செய்வித்தால் நல்லதில்லையா?” என்பது அவருடைய கேள்வி.

கொழும்பில் தமிழ்மொழி மூல ஆரம்ப வகுப்புகளில் இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். செயற்றிட்டத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு நிறையப் பயன் உண்டு. நான் கண்ணால் கண்டது. ஆனால் நீங்களும் உங்கள் கணவரும் பதினொரு மணிவரை விழித்திருந்து செய்தது செயற்றிட்டம் இல்லை. அதில் பிள்ளை எதையும் தேடவில்லை, எதையும் தீர்மானிக்கவில்லை. ஆகவே அதை வைத்துச் செயற்றிட்டத்தை எடைபோட வேண்டாம். உண்மையான ஒன்று எப்படி இருக்கும் என்று முதலில் காட்டிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் நான் படிப்பித்த பாடசாலையில் கை கழுவும் இடத்தில் ஆறு பைப் இருந்தன. கடைசிப் பைப் எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. ஒரு நாள் இடைவேளை முடிந்து வந்த பிள்ளை ஒன்று, “ரீச்சர், அதில ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி போகும்?” என்று கேட்டது. அதுவும் தரம் 3 பிள்ளைதான். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அடுத்த மூன்று கிழமையும் சுற்றாடல் பாட நேரத்தை அந்தப் பைப்புக்கே கொடுத்தோம்.

முதலில் ஊகம். ஒரு பிள்ளை ‘ஒரு வாளி’ என்றது, இன்னொன்று ‘ஆயிரம் லீற்றர்’ என்றது. எல்லாவற்றையும் பலகையில் எழுதி அப்படியே விட்டேன். அப்புறம் எப்படி அளப்பது என்று ஒரு பெரிய விவாதம். வாளி வைத்தால் நிறைய நாளாகும், போத்தல் மூடியால் அளந்தால் எண்ணி முடியாது. கடைசியில் அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் என்று முடிவானது. வைத்துப் பார்த்தால் அதன் வாய் ஒடுக்கம், பாதிச் சொட்டு வெளியே விழுந்தது. இன்னொரு போத்தலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் புனலாகிவிடும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். வெட்டிக் கொடுத்தது மட்டும் நான்.

போத்தல் நிறைய 20 நிமிடம் எடுத்தது. மணிக்கு மூன்று போத்தல், அதாவது ஒன்றரை லீற்றர். ஒரு முழு நாளுக்கு? மூன்றை இருபத்துநான்கு தடவை எழுதிக் கூட்டியவர்களும் உண்டு, 30, 30, 12 என்று பிரித்துக் கூட்டியவர்களும் உண்டு. 72 போத்தல், 36 லீற்றர். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பின்வாங்கிலிருந்து ஒருத்தி, “இரவில பைப் நித்திரை கொள்ளாதா ரீச்சர்?” என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பகலில் அளந்ததை வைத்து இரவையும் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். அதை அந்த வகுப்பில் கவனித்தது அவள் ஒருத்திதான்.

இரவில் பாடசாலையில் இருப்பவர் வொட்ச்சர் ஐயா. அவர் சிங்களவர். பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் ‘வத்துர’ என்றால் தண்ணீர் என்று தெரியும், ‘சொட்டுகிறது’ என்று சொல்லத் தெரியாது. சிங்களம் படிப்பிக்கும் ரீச்சரிடம் ஓடிப்போய் நாலு கேள்வியை எழுதிவந்து, இரண்டு நாள் சொல்லிப் பழகி, பிறகு போய்க் கேட்டார்கள். அந்த மனிதர் அன்றிரவே போத்தலை வைத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை வாசலிலேயே நின்று சொன்னார்: 15 நிமிடத்தில் நிறைந்துவிட்டது. அந்தப் பைப்புக்குத் தண்ணீர் வீதிக் குழாயிலிருந்து நேராக வருவது. ஊர் அடங்கியபின் தண்ணீர் எடுப்பவர்கள் குறைய, குழாயில் அமுக்கம் கூடும், சொட்டும் வேகமாகும். ஆகவே 36 பிழை. பகல் 12 மணித்தியாலத்துக்கு 18, இரவு 12 மணித்தியாலத்துக்கு 24, மொத்தம் 42 லீற்றர். தங்கள் விடை பிழைத்ததைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்திய அன்று அந்த வகுப்பில் இருந்த சந்தோஷத்தை, நூற்றுக்கு நூறு எடுத்த நாட்களில்கூட நான் கண்டதில்லை.

அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தகப்பன் புறக்கோட்டையில் நாட்டாமை, மூடை சுமப்பவர். வீட்டில் செய்துவரச் சொல்லும் எதையும் அவன் கொண்டுவந்தது கிடையாது, வகுப்பில் வாயும் திறக்கமாட்டான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்று தராசில் நிறுத்துப் பார்த்த அன்று மெல்லச் சொன்னான்: “அப்ப 42 கிலோ. அப்பா தூக்கிற சீனி மூடை 50 கிலோ. எட்டுக் கிலோதான் குறைவு.” வகுப்பு முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை 42 பலகையில் இருந்த ஒரு எண். அதற்குப் பிறகு அது ஒருவர் முதுகில் சுமக்கிற பாரம். நிறை, அளவு என்று எது வந்தாலும் மற்றப் பிள்ளைகள் அவனிடம் போய்க் கேட்கத் தொடங்கினார்கள்.

அப்புறம் அதிபருக்குக் கடிதம். முதலாவது கடிதம் ‘பைப் ஒளுகுது. திருத்தவும்.’ அவ்வளவுதான். நான் அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அவர் அதன் கீழேயே ‘எந்தப் பைப்? திருத்தாவிட்டால் என்ன?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டாவதில் ‘வாசலிலிருந்து ஆறாவது பைப்’ என்று வந்தது. மூன்றாவதில் 42 லீற்றர் வந்தது. ‘மொட்டைமாடியில் உள்ள 1000 லீற்றர்த் தாங்கி 24 நாளில் நிறையும் அளவு’ என்ற வரியும் வந்தது. நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டாகக் கூட்டி ஆயிரத்தைத் தாண்டும்வரை போய்ப் பிடித்த கணக்கு அது. ‘ஒளுகுது’ ‘ஒழுகுகிறது’ ஆனதும் அப்போதுதான். ளகர ழகரத்தை அந்தப் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பேனையால் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். அன்று அவர்களே ஒருவர் கொப்பியை ஒருவர் பார்த்துத் திருத்தினார்கள், ஏனென்றால் கடிதம் அதிபர் கைக்குப் போகிறது. பைப் திருத்த ஆள் வந்தபோது, தேய்ந்து தட்டையாகிப்போன வொஷரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அது வகுப்பில் கைக்குக் கை போனது.

இடையில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் தேடினார்கள். கொழும்பின் பெரும் பகுதிக்குக் களனி ஆற்றுத் தண்ணீர்தான், அம்பத்தளையில் சுத்திகரித்து வருகிறது. ஆற்றைப் படத்தில் மேலே மேலே விரலால் பிடித்துக்கொண்டு போனால் மஸ்கெலியா ஓயா வரும். மஸ்கெலியாவில் ஆச்சி வீடு உள்ள பிள்ளை ஒன்று, “ஆச்சி வீட்டுப் பக்கத்துத் தண்ணியா இஞ்ச வருது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டது. கொட்டாஞ்சேனையில் மலைநாட்டோடு உறவில்லாத வகுப்பு எது?

இவ்வளவையும் நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்தும் வாசிப்பும் கணக்கும் எதற்கென்று தெரியாது. ரீச்சர் சொன்னார், அம்மா சொன்னார் என்று செய்கிறது. செயற்றிட்டத்தில் தேவை முதலில் வருகிறது: கூட்டல் தெரியாவிட்டால் தண்ணீர்க் கணக்கு நகராது, தெளிவாக எழுதாவிட்டால் அதிபர் திருப்பி அனுப்புவார், சிங்களத்தில் நாலு வார்த்தை பேசாவிட்டால் இரவில் நடப்பது தெரியவராது. அந்தத் தேவையோடு படித்ததைப் பிள்ளை மறப்பதில்லை. இதுதான் செயற்றிட்டத்தின் பெறுமதி என்று நான் நம்புகிறேன். கடைசியில் மேசையில் வைக்கும் பொருளுக்கு அவ்வளவு பெறுமதி கிடையாது.

இது புதிதாக வந்த நாகரிகம் என்றும் நினைக்கவேண்டாம். அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோன் டூயி 1896இல் சிக்காகோவில் தொடங்கிய பாடசாலையில் பிள்ளைகள் சமையலும் தச்சுவேலையும் செய்தபடியே கணக்கும் விஞ்ஞானமும் படித்தார்கள். அவருடைய மாணவர் கில்பற்றிக் 1918இல் ‘செயற்றிட்ட முறை’ என்ற பெயரிலேயே கட்டுரை எழுதினார். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடங்களை அதைச் சுற்றி அமைத்தது. நம் நாட்டில் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோட்டமாகத் தொடங்கி அடுத்த வருடம் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்று மூன்று வழியாலும் பிள்ளை கற்கவேண்டும் என்று சொன்னது. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடத்தின் பெயரைப் பாருங்கள், செயற்பாடு பெயரிலேயே இருக்கிறது. தரம் 3 வந்ததும் பல இடங்களில் மேசைவேலை மட்டும் மிஞ்சுவது வேறு கதை.

சரி, இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வருமானம் குறைந்த பகுதிகளில் உள்ள 20 பாடசாலைகளில் தரம் 2 பிள்ளைகளை வைத்து ஒரு நல்ல ஆய்வு செய்தார்கள். எந்த ஆசிரியர் செயற்றிட்ட முறையில் சமூகக் கல்வி படிப்பிப்பது, எவர் வழமைபோல் படிப்பிப்பது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஊர்ப் பூங்காவைத் திருத்தச் சொல்லி உள்ளூர் அதிகாரிகளுக்கு யோசனை முன்வைப்பது போன்றவை அந்தப் பிள்ளைகளின் வேலை. முடிவில் சமூகக் கல்வியிலும் தகவல் நூல்களை வாசித்து விளங்குவதிலும் செயற்றிட்டப் பிள்ளைகள் முன்னுக்கு நின்றார்கள். எழுத்திலும் ஊக்கத்திலும் மொத்தத்தில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் திட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றிய ஆசிரியர்களின் வகுப்புகளில் அவையும் கூடியிருந்தன.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 11, 12 வயது மாணவர்களிடம் செயற்றிட்ட முறை பற்றிச் செய்த ஒரு பெரிய மதிப்பீடு 2016இல் வெளிவந்தது. அதில் வாசிப்பு எழுத்தில் முன்னேற்றம் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இலவச உணவு பெறும் ஏழைப் பிள்ளைகள் கொஞ்சம் பின்தங்கியும் இருந்தார்கள். இடையில் பல பாடசாலைகள் விலகிக்கொண்டதால் அந்த முடிவை மிகக் கவனமாகத்தான் எடுக்கவேண்டும். இருந்தாலும் நான் அதை ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் நானும் அதையே வேறு விதமாகக் கண்டிருக்கிறேன். அத்திவாரம் இல்லாத பிள்ளையை ‘நீயே கண்டுபிடி’ என்று விட்டால் அது மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். உயிர்மெய் எழுத்து பிடிபடாத பிள்ளைக்கு அதை நேரடியாகத்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும், நாளாந்தம், பொறுமையாக. வாய்பாடு பாடமாக வேண்டும். சொல்வதெழுதல் வேண்டும். எந்தச் செயற்றிட்டமும் இவற்றின் இடத்தை எடுக்காது. பைப்புக் கதையிலும் பாருங்கள், கூட்டல் அவர்களுக்கு முன்பே தெரியும். நான் ஆறு மாதம் படிப்பித்ததைத்தான் அவர்கள் அங்கே கொண்டுபோய்ப் பாவித்தார்கள். கிழமையில் மூன்று நான்கு பாடவேளை செயற்றிட்டம், மிச்சம் வழமையான படிப்பு. ஆரம்ப வகுப்புக்கு என் அளவு அது.

வீட்டுக்குக் கொடுத்துவிடும் செயற்றிட்டத்தில் எனக்கு உள்ள பெரிய வருத்தமும் இங்கேதான். நான் வேலை செய்த ஒரு பாடசாலையில் அப்படியான மாதிரிகளை வரிசையாக வைத்து முதலிடம், இரண்டாமிடம் கொடுத்தோம். அதில் நானும் ஒருத்தி. மின்குமிழ் எரியும் மாதிரிக்குப் பரிசு போனது. பிறிஸ்டல் போட் வாங்கவும் வழியில்லாத பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அன்று நாங்கள் அளந்தது தாய் தகப்பனின் நேரத்தையும் பணத்தையும். நாட்டாமையின் மகன் அந்த வரிசையில் எப்போதும் கடைசி. வகுப்புக்குள்ளே, எல்லோருக்கும் ஒரே பைப், ஒரே போத்தல் என்று வைத்தபோது அவன் முன்னுக்கு வந்தான். செயற்றிட்டம் பாடசாலை நேரத்துக்குள், பாடசாலைப் பொருளோடு நடக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இனிப் புலமைப்பரிசில். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. மூன்று இலட்சத்துக்கு மேல் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சை, வெட்டுப்புள்ளி ஒன்றிரண்டால் தவறுகிற வேதனையைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் எங்கே புள்ளியை விடுகிறார்கள் என்று விடைத்தாள்களோடு இருந்து பார்த்தால் தெரியும். வினாவை முழுதாக வாசித்து, என்ன கேட்கிறது என்று பிடிக்காமல், தெரிந்த கணக்கின் சாயல் கண்டதும் செய்துவிட்டு வருகிறார்கள். ‘பகலில் அளந்ததை இரவுக்கும் போடலாமா’ என்று நின்று யோசித்த பிள்ளை வினாத்தாளிலும் நின்று யோசிக்கும். தரம் 5இல் கடைசி மாதங்களில் பழைய வினாத்தாள் செய்து நேரத்தோடு எழுதிப் பழகத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. தரம் 3இல் அதைத் தொடங்கினால் பிள்ளைக்கு அலுப்புத்தான் முதலில் வரும்.

நாற்பது பிள்ளை உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று உங்கள் ரீச்சர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் நாற்பதோடுதான் செய்தேன். வெளியே கூட்டிப்போகவில்லை, பாடசாலை மதிலுக்குள் இருந்த கேள்வியையே எடுத்தேன். எட்டுப் பேராகப் பிரித்து, ஒரு குழு அளக்கும்போது மற்றவர்களுக்குக் கொப்பி வேலை. சத்தம் இருந்தது. பக்கத்து வகுப்பு ரீச்சர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாவது கிழமை அவரும் தன் வகுப்போடு வந்து நின்றார்.

உங்கள் திங்கட்கிழமைக்கு வருகிறேன். கொழும்பு முழுவதையும் விடுங்கள். ‘எமது நகரம்’ என்பதற்கு உங்கள் ஒழுங்கை போதும். அவனிடம் ஒரு கேள்வியைக் கொடுங்கள். வீட்டில் அம்மம்மா இருக்கிறாரா? முழங்கால் வருத்தம் உள்ள அம்மம்மா பின்னேரம் கடற்கரைக்கு நடந்து போவதானால் எந்த வழி நல்லது? காலி வீதியைக் கடக்க வேண்டுமா, மரைன் டிரைவை எங்கே கடப்பது, ரயில் பாதையைத் தாண்ட எங்கே பாதுகாப்பான வழி இருக்கிறது, நடுவில் இருந்து ஆற எங்கே இடம், எந்தப் பக்கம் நிழல். சனிக்கிழமை பின்னேரம் அவனோடு இரண்டு ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். நடப்பது நீங்கள் இருவரும், காலடியை எண்ணி எழுதுவது அவன். நீங்கள் செய்யவேண்டியது வீதியில் அவன் கையைப் பிடித்திருப்பது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்டி மட்டை, நெருப்புப் பெட்டி, கம், வீட்டில் இருக்கும் வேறு ஏதும். கட்டடம் சரிந்து நிற்கும், வீதி கோணும், ‘மரைன்’ பிழையாக எழுதுவான். நித்திரை வந்தால் படுக்க விடுங்கள், நீங்களும் படுங்கள். அவன் விட்ட இடத்தில் நீங்கள் தொடாதீர்கள்.

கொப்பியில் ரீச்சருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: ‘இதை மகனே செய்தான். அம்மம்மாவுக்கு எந்த ஒழுங்கை நல்லது என்று கண்டுபிடித்திருக்கிறான், தயவுசெய்து அவனைச் சொல்லவிட்டுக் கேளுங்கள்.’